"குடும்பத் தலைவர் பெயர்" என்ற கட்டத்தில் தொடங்கும் தவறுகள்

நிவாரண வேலைக்குப் போகும் முதல் நாள் கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். முதல் வரி "குடும்பத் தலைவர் பெயர்", அடுத்த வரி "உறுப்பினர் எண்ணிக்கை". இரண்டையும் நிரப்பிவிட்டால் அந்த வீடு முடிந்தது, அடுத்த வீடு. உள்ளே இருக்கும் கண் தெரியாத மாமியார், கணவன் விட்டுப்போய் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் நாத்தனார், பள்ளியை நிறுத்திவிட்டு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் 14 வயதுப் பெண், எல்லாரும் "6" என்ற ஒரே எண்ணுக்குள் போய்விடுவார்கள். பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான திட்டங்களில் நான் பார்த்த சறுக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. பிறகு வருவதெல்லாம் அதற்கு வட்டி.

நம் கரையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இறந்தவர்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தவர்கள் ஆரம்பத்தில் மிகக் குறைவு. 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் வெளியிட்ட குறிப்பில் கடலூர் மாவட்டக் கணக்கு இருந்தது: பெண்கள் 391, ஆண்கள் 146. காரணம் கரையோரத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, கடலுக்குப் போயிருந்த ஆண்களின் படகுகளுக்கு அடியில் அலை பெரிதாகத் தெரியாமலே கடந்துபோனது. மீன் வந்து இறங்குவதற்காகக் கூடையோடு கரையில் காத்திருந்த பெண்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பிரித்து எண்ணாமல் விட்டிருந்தால் இது வெறும் 537 சாவு, அவ்வளவுதான்.

சரி, உயிரோடு இருந்தவர்களையாவது ஒழுங்காக எண்ணினோமா? பல மீனவ ஊர்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகத்தான் போனது, பஞ்சாயத்திடம் இருந்ததோ வரிக் கணக்கு. அது பெரும்பாலும் தொழிலுக்குப் போகிற, கல்யாணமான ஆண்களின் கணக்கு. விதவையும் தனியாக இருக்கும் பெண்ணும் அதில் பாதி ஆளாக எண்ணப்பட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் இருக்கவே மாட்டார்கள். இதைப் பார்த்துச் சூடாகி, பஞ்சாயத்தே வேண்டாம், நேராகப் பெண்களிடம் கொடுப்போம் என்று இறங்குகிறவர்களும் உண்டு. அதுவும் தவறுதான். நீங்கள் வண்டி ஏறிப் போன பிறகு அந்தப் பெண் அதே ஊரில்தானே இருக்கவேண்டும். பஞ்சாயத்துப் பட்டியலை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த ஊரில் தலைச்சுமையாக மீன் விற்கும் வயதான அக்கா ஒருவரோடு தெருத்தெருவாக நடங்கள். எந்த வீட்டின் பின்கட்டில் யார் இருக்கிறார் என்று அவருக்கு அத்துப்படி. விட்டுப்போன பெயர்களோடு திரும்பப் பஞ்சாயத்துக்குப் போய், இவர்களையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள், சில நேரம் முனகலோடு.

"குடும்பத் தலைவர்" என்ற அந்தக் கட்டம் செய்த பெரிய சேதம் மட்டக்களப்புப் பக்கம் நடந்தது. கிழக்கிலங்கையில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் இதுதான் வழக்கம். வீடு பெண்ணுடையது. சுனாமி அடித்துப்போனதும் பெண்ணின் வீட்டைத்தான். ஆனால் புதிய வீட்டுக்கும் காணிக்குமான தாள்கள் வந்தபோது பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவர் பெயர் ஏறியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, படிவம் கேட்டதை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு பெண்ணிடம் இருந்த சொத்து, உதவி செய்ய வந்தவர்களின் பேனாவால் கைமாறியது. தமிழ்நாட்டில் புது வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துக் கொடுப்பது என்று அரசு 2005-இல் கொள்கையாகவே வைத்தது, நல்ல விஷயம். என்றாலும் கணவன் விட்டுப்போனவர் எந்தக் கட்டத்தில் வருவார் என்பதைக் கணக்கெடுப்புக்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள். "தலைவர்" கட்டத்தைத் தூக்கிவிட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பால் என்று ஒரு வரி கொடுங்கள். தாள் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றிப் பேசினால் இன்னமும் சில அலுவலகங்களில் நெளிவார்கள், ஆனால் பெண்கள் பாதுகாப்பில் இதைவிட முக்கியமானது எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. ஒரு தற்காலிகக் குடியிருப்பில் (தார் ஷீட் கூரை, உள்ளே மத்தியானம் நிற்க முடியாத வெக்கை) பத்துக் கழிப்பறைகள் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சிமெண்ட் தரை, தொட்டி, தண்ணீர், எல்லாம் இருந்தது. பெண்கள் மட்டும் போகவில்லை. "இவங்களுக்குப் பழக்கம் இல்லைங்க" என்றார் பொறியாளர். போய்ப் பார்த்தால், நாய் உள்ளே போகக்கூடாது என்று கான்ட்ராக்டர் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் போட்டிருந்தார், உள்ளே எதுவும் இல்லை. போகிற வழியில் ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதன் வெளிச்சத்தில் ராத்திரி பத்து மணிவரை சீட்டாட்டம். ஒரு அக்கா சொன்னார்: "அஞ்சு மணிக்கு மேல நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல தங்கச்சி." எங்கள் மாதாந்திர அறிக்கையில் அது "கழிப்பறைகள் 10, பணி நிறைவு" என்று போயிருந்தது.

ஸ்பியர் என்ற சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோல் இருக்கிறது. அதன்படி நிலைமை கொஞ்சம் அடங்கிய பிறகு 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பொதுக் கழிப்பறை என்றால் ஆண்களுக்கு ஒன்று இருக்கும் இடத்தில் பெண்களுக்கு மூன்று. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை எந்த அளவுகோலும் உங்களுக்காகப் போய்ப் பார்க்காது. விளக்குப் போட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான், வெளிச்சம் இருக்கும் இடத்தில் முதலில் கூடுவது பெரும்பாலும் ஆண்கள். எங்கே விளக்கு வேண்டும் என்று பெண்களிடம் கேளுங்கள், கேட்பதைக் கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். பஞ்சாயத்துக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பெண்களைத் தரையில் உட்காரவைத்து "பாதுகாப்பா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கோம்" என்றுதான் பதில் வரும். அவர்களோடு சாயங்காலம் தண்ணீர் எடுக்கும் இடம்வரை நடந்து போங்கள். எந்த இடத்தில் நடை வேகமாகிறது என்று பாருங்கள், அதுதான் பதில்.

இன்னொன்று: ஆதாரம் கிடைக்கட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பது. முகாமுக்குள் பாலியல் வன்முறை நடக்கிறதா என்று கணக்கெடுப்பு நடத்தி, வீடு வீடாகக் கேட்டு, "புகார் ஏதும் இல்லை" என்று எழுதி மூடிய கோப்புகள் உண்டு. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருக்கும் வழிகாட்டியே நேர்மாறாகச் சொல்கிறது: எந்தப் பேரிடரிலும் நடக்கிறது என்றே வைத்துக்கொள், எண்ணிக்கைக்காகக் காத்திருக்காதே. நம்பிக்கையான இடம் ஒன்று வந்த பிறகு புகார்கள் கூடும். அதைப் பார்த்துத் தலைமை அலுவலகம் "நிலைமை மோசமாகிவிட்டதே" என்று பதறும், உண்மையில் அப்போதுதான் உங்கள் வேலை கொஞ்சம் சரியாகப் போகிறது. அந்தப் பதற்றத்தைச் சமாளிக்க முன்கூட்டியே நன்கொடையாளர்களிடம் பேசி வையுங்கள்.

அந்த இடத்துக்குப் பெரிய பலகை வைக்காதீர்கள். "வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்கள் உதவி மையம்" என்று எழுதித் தொங்கவிட்ட கூடாரத்துக்குள் எந்தப் பெண் நுழைவாள்? நுழைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பக்கம் வந்து சேர்ந்தபோது, அங்கே பெண்களுக்காகத் திறந்த இடங்களை "சாந்திகானா", அதாவது அமைதி வீடு, என்று அழைத்தார்கள். தைக்கலாம், குளிக்கலாம், சும்மா உட்காரலாம், அழலாம். எதற்கு வந்தாய் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு எங்கேயும் செல்லுபடியாகும்.

ஒருத்தி வந்து சொல்லிவிட்டாள், அப்புறம்? இங்கே நேரம் ரொம்ப முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரைக்கு 120 மணி நேரம்வரை அவகாசம், இரண்டிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எந்த ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார், மருந்து காலாவதியாகாமல் இருக்கிறதா, ஆட்டோவுக்குக் காசு யார் தருவது, கூட யார் போவது என்பதையெல்லாம் முதல் ஆள் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்கவேண்டும். வந்தவளிடம் முதலில் ஐந்து பக்கப் படிவத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அங்கேயும் படிவம்! அவள் நர்ஸிடம் ஒரு முறை, நம்மிடம் ஒரு முறை, மேலாளரிடம் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தால் நான்காவது முறை வரமாட்டாள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. வந்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டம் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி தெரிந்துகொண்டவர் போலீஸில் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பு, எதை நம்மோடு வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடவேண்டும். சொன்னால் பேசாமல் போய்விடுவாளோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. பொய் வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். வயது வந்தவர் என்றால் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு, "கொடும்மா, கொடுத்தாத்தான் நியாயம் கிடைக்கும்" என்று நெருக்குவது நம் வேலை இல்லை.

தீங்கு செய்கிறவன் வெளியிலிருந்துதான் வருவான் என்று நினைத்துக்கொள்வது வசதியான தவறு. 2002-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உதவி கொடுப்பவர்களே உணவுக்கும் பொருளுக்கும் பதிலாகச் சிறுமிகளைச் சுரண்டியது வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் 2003-இல் ஐ.நா. பொதுச்செயலரின் அறிவிப்பு வந்தது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு உறவு கூடாது, பொருளுக்கோ வேலைக்கோ பதிலாக உறவு கூடாது. இன்று எல்லா நிறுவனமும் இதில் கையெழுத்து வாங்குகிறது. டோக்கன் கொடுக்கும் பையன், தண்ணீர் லாரி டிரைவர், இரவுக் காவலாளி, இவர்களிடம் அவர்கள் மொழியில் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று கேட்டுப் பாருங்கள். புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். முகாம் மேலாளரின் ஜன்னலுக்கு நேர் எதிரே, எழுதத் தெரிந்தவர் மட்டும் போடக்கூடிய பெட்டி என்றால் அதில் ஒட்டடைதான் இருக்கும்.

"அதிகாரமளித்தல்" என்ற தலைப்பு வந்ததும் எங்கிருந்தோ தையல் மெஷின்கள் வந்து இறங்கும். ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தால் யார் துணியை யார் தைப்பது? சுனாமிக்குப் பிறகு படகுகளும் வலைகளும் ஆண்களுக்குத் தாராளமாக வந்தன, மீன் விற்கும் பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஒரு ஐஸ் பெட்டி, சந்தையில் உட்கார ஒரு இடம், அதிகாலையில் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், பயிற்சிக் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு, அதாவது அவர்கள் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் வைத்தால் யார் வந்து சொல்வது?

கடனைக் கொடுத்துவிட்டு அதை அதிகாரம் என்று அழைப்பது இதைவிட மோசம். போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு கிழக்கில் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைத் தேடித்தேடிக் கொடுத்தன, வாரக் கிழமை வந்தால் வாசலில் வசூல்காரர் நிற்பார், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 லட்சம் ரூபாய் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே இறங்கவேண்டி வந்தது. அதே ஆண்டு அங்கே போன ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, வசூல்காரர்கள் சிலர் பாலியல் இணக்கம் கேட்டு நெருக்குவதையும் பதிவு செய்தார். வருமானமே நிலையில்லாத ஒருத்தியின் கையில் வாரத் தவணைக் கடனைத் திணிப்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாதுகாப்புத் திட்டம் ஆகாது. ரொக்க உதவி கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். பணம் பெண்ணின் கணக்குக்கு நேராகப் போகட்டும், ஆனால் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன நடக்கும் என்று அவளிடம் முதலில் கேட்டுவிடுங்கள். "மாமியார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று அவளே சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், அதில் நம் கொள்கை ஒன்றும் குறைந்துபோகாது.

படம் எடுப்பதைப் பற்றி ஒரே வரி: பின்னாலிருந்து எடுத்தாலும் அந்தத் தாவணி யாருடையது என்று ஊருக்குத் தெரியும்.

திட்டம் முடியும் கதைக்கு வருவோம். பெரும்பாலும் நிதியாண்டோடு முடியும், கடைசி மாதம் அறிக்கை எழுதுவதிலேயே போகும். நிறுவனம் கிளம்பி இரண்டு வருடம் ஆன ஒரு குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் "உதவிக்கு அழைக்கவும்" என்று எங்கள் கைபேசி எண் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. எத்தனை பேர் அதற்கு முன்னால் அடித்துப் பார்த்தார்களோ. கிளம்புவதற்கு முன் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அந்த எண்ணை அழித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் என்றால் 181 (பெண்களுக்கு), 1098 (குழந்தைகளுக்கு) என்றும் இலங்கையில் என்றால் 1938 (பெண்களுக்கு), 1929 (குழந்தைகளுக்கு) என்றும் அதே இடத்தில் எழுதிவிட்டு, எழுதியவுடன் உங்கள் கைபேசியிலிருந்து ஒரு முறை அடித்து, மறுமுனையில் யாராவது எடுக்கிறார்களா, தமிழில் பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.