என் தெர்மாகோல் யானைமலை உருகிய கதை: டெரெய்ன் செய்யத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜைமேல் சின்னச் சின்ன ஆள் பொம்மைகளை நகர்த்தி ஆடும் மினியேச்சர் விளையாட்டுக்கு டெரெய்னாக, அதாவது அந்தப் பொம்மைகள் நடமாடும் மலை, வீடு மாதிரியான களமாக, நான் செய்த முதல் மலை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலை பிளேடால் செதுக்கி, மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போனால் தெரியுமே யானைமலை, அந்தப் படுத்த யானை வடிவத்தை ஒருவழியாகக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் வைத்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். முதலில் தும்பிக்கை குழிந்தது, அப்புறம் முதுகு. 2017-இல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் காற்றுக்கே தாங்காமல் கரை ஒதுங்கியதை ஊரோடு சேர்ந்து பார்த்துச் சிரித்தவன்தான் நான். ஸ்ப்ரேக்கும் அது தாங்காது என்பது தெரியாமல் போச்சு.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும், ஒரு ராத்திரி காய விடுங்கள். அதே ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, ஓர் ஓட்டைகூட விடாமல் இரண்டு கோட் பிரஷ்ஷால் பூசிய பிறகு மேல் வண்ணத்துக்குப் போகலாம். அப்போதும் ஸ்ப்ரேயை நான் நம்புவதில்லை, பிரஷ்தான்.

அடியில் அட்டை வைக்காதீர்கள். ஈரப் பசை காயக் காய, பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொள்ளும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை, 3 மி.மீ. தடிமனில், நல்லது.

மணலைக் கழுவிக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்துத் தூவுங்கள், தூசி இருந்தால் பசை பிடிக்காது. 28 மி.மீ. உயரப் பொம்மை ஆளுக்குப் பக்கத்தில் 8 மி.மீ. கல் கிடந்தால் அது முழங்கால் உயரப் பாறை, சரளை என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கொலுவுக்குப் பூங்கா வைக்கிற மாதிரி பார்க்க அழகாக மட்டும் செய்வது. விளாச்சேரி பொம்மை வைத்த இடத்தில் ஒன்பது நாளும் இருக்கும்; நம்ம ஆட்கள் ஒவ்வொரு முறையும் நகர்வார்கள், ஏறுவார்கள், மறைவார்கள். அவர்கள் நிற்கும் 25 அல்லது 32 மி.மீ. வட்ட அடித்தட்டு சரிவில் வழுக்கும், அதனால் மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் 4 செ.மீ. அகலமாவது விடுங்கள். வீடு செய்தால் கூரை கழன்று வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே போனவனை எடுக்க விரல் நுழையாது.

இரண்டாவது யானைமலைக்கு மூன்று படி வைத்திருக்கிறேன். தும்பிக்கை மேல் மட்டும் இன்னும் ஒருத்தனும் நிற்க மாட்டேன் என்கிறான்.