ஜீப் டயரின் பக்கச்சுவர் விரிசல்: கண்டறிதலும் பராமரிப்பும்

மகிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில், டயரின் பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் மேடு, பாதிகூடத் தேயாத நிலையிலேயே பக்கச்சுவரில் மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. மூணாறு அருகே சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு நாள்தோறும் ஏறி இறங்கும் வாடகை ஜீப்புகளின் டயர்கள் கல்லில் வெட்டுப்பட்டோ பட்டன் தேய்ந்தோ கழற்றப்படுகின்றன. முதுமையடைய அவற்றுக்குக் காலம் வாய்ப்பதில்லை. வாரம் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு எப்போதாவது மலையேறும் வண்டியின் டயர்தான் பெரும்பாலும் பக்கவாட்டில் விரிசல் விடுகிறது.

இதற்குக் காரணம் காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஓசோன் வாயு. பக்கச்சுவர் ஓயாமல் வளைந்து நிமிர வேண்டியிருப்பதால், அதை இயற்கை ரப்பரும் அதைப்போன்ற நெகிழ்வுள்ள செயற்கை ரப்பரும் கலந்து செய்கிறார்கள். அந்த ரப்பர்களின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்கிறது. ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில், இழுவிசைக்குக் குறுக்காக விரிசல் திறக்கிறது. இதைத் தடுக்கவே உற்பத்தியின்போது மெழுகும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருளும் ரப்பரில் சேர்க்கப்படுகின்றன. வண்டி ஓடி டயர் வளையும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்புப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. நிற்கும் டயரில் இந்தப் புதுப்பித்தல் குறைந்துவிடுகிறது. காற்றும் குறைவாக இருந்தால், தரையில் பதியும் பகுதிக்கு மேலே சுவர் பிதுங்கி இழுபடுவதால் கேடு இரட்டிப்பாகிறது.

சோதனையை டயரின் வயதிலிருந்து தொடங்க வேண்டும். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2321 என்றிருந்தால் அந்த டயர் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெளிப்பக்கத்தில் இந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள், ஏனெனில் பல டயர்களில் முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்ந்த பணியாளரிடம் காட்டுவதும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டாமலிருப்பதும் மிஷெலின் நிறுவனம் தரும் அறிவுரை. வண்டி நிறுவனங்கள் சில ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் பெரும்பொழுது நிற்கும் வண்டிக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, சேற்றைக் கழுவி உலர்த்திய பின், சாய்வாக விழும் வெளிச்சத்தில் சுவரை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். நகத்தால் தடவினாலும் தட்டுப்படாத மயிரிழைக் கோடுகள் மேல்தோலில் மட்டும் இருந்தால் பதற வேண்டியதில்லை. சாக்பீஸால் அடையாளமிட்டு, படம் எடுத்து வைத்து, மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நகம் சிக்கும் அளவுக்கு ஆழ்ந்த கோடுகளும், ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட பிளவாக மாறியவையும், ரிம்மை ஒட்டியோ பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தின் அடியிலோ தோன்றியவையும் கடுமையானவை. அவற்றோடு நெடுஞ்சாலை வேகத்தில் செல்லக் கூடாது. டயருக்கு வலுவூட்ட உள்ளே பதித்திருக்கும் நூல் தெரிந்தாலோ சுவரில் புடைப்பு எழுந்தாலோ அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும், ஏனெனில் புடைப்பு என்பது நூல் அறுந்து காற்றின் அழுத்தத்தை ரப்பர் மட்டுமே தாங்கி நிற்பதன் அடையாளம். பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்டுவதும், விரிசலைப் பசையால் நிரப்புவதும் ஆபத்தானவை. பசை பிளவின் வாயை மறைக்குமே தவிர, போன வலுவைத் திரும்பத் தராது.

பராமரிப்பில் முதலிடம் காற்றுக்கு. ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் உள்ள அளவை, வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். மணலில் புதையாமலிருக்கக் காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ ஆக இருக்கும்படி காற்றைக் குறைப்பது சரியான வழக்கமே. ஆனால் அந்நிலையில் சுவர் வெளியே பிதுங்கிக் கூரிய கல்லுக்கும் வேர்முனைக்கும் நேராக நிற்பதால், வேகத்தையும் திருப்பங்களையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மணலை விட்டுத் தார்ச்சாலையில் ஏறும் முன்பே காற்றை நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறி, உள்ளே நூலும் ரப்பரும் பிரியத் தொடங்கும். ஆகையால் சிறிய காற்றடிக்கும் கருவியும் நம்பகமான அளவுமானியும் இல்லாமல் காற்றைக் குறைக்கவே கூடாது.

கழுவுவதற்கு மென்மையான சோப்பு நீரும் தூரிகையும் போதும். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை ரப்பரை ஊதச் செய்து கெடுப்பவை. பளபளப்புக்காகப் பூசப்படும் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சுகளையும் தவிர்த்துவிடுங்கள். டயரின் மேற்பரப்பில் படியும் பழுப்பு நிறம் அழுக்கைப்போல் தெரிந்தாலும், பெரும்பாலும் அது கசிந்து வந்த காப்புப் பொருள்தான்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓடாமலும் வளையாமலும் ஆண்டுக்கணக்கில் வெயில் குடிக்கும் அந்தச் சக்கரத்தில், பட்டன் புதிதாக இருப்பதால் விரிசல் கண்ணில் படுவதில்லை. அதற்கு உறை போடுங்கள். அளவும் வகையும் மற்ற நான்கோடு ஒத்திருந்தால், இட மாற்றம் செய்யும்போது அதையும் சேர்த்து ஐந்து சக்கரங்களாகச் சுழற்றுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் நிழலில் நிறுத்தி, காற்றைக் குறையாமல் வைத்து, அவ்வப்போது சிறிது தூரம் ஓட்டுவது நல்லது. கழற்றிய டயர்களை வெல்டிங் நடக்கும் இடத்துக்கோ ஓடும் மின்மோட்டாருக்கோ அருகில் வைக்காதீர்கள், அங்கே எழும் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும்.

மாற்றும் வேளை வந்தால், புதிய டயரின் தேதிக் குறியீட்டைக் கடையிலேயே, ரிம்மில் ஏற்றும் முன் படித்துவிட வேண்டும்; ஏற்றிய பிறகு அது உட்பக்கம் போய்விடக்கூடும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவற்றோடு சுற்றளவு வேறுபட்டு, நான்கு சக்கர இயக்கத்தில் செல்லும்போது பல்சக்கரப் பெட்டிக்கு (கியர் பெட்டி) தேவையற்ற சுமை ஏறும். ஆதலால் ஒரே அளவும் ஒரே வகையுமான நான்கு டயர்களை ஒருசேர வாங்கி, பழையவற்றில் விரிசலே இல்லாத ஒன்றிருந்தால் அதை மட்டும் தற்காலிக ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.