பழைய வீட்டில் வெப்பத்தைத் தடுக்கப்போய் ஈரத்தை உள்ளே பூட்டிவிடாதீர்கள்

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வேலையைத் தொடங்குவதுதான் சிங்கப்பூரில் நடக்கும் முதல் தவறு. அங்கே வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் ஈரம் புகாத பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்பக்கம் ஒட்டுகிறார்கள். நமக்கு அது தலைகீழ். இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழுள்ள எதைத் தொட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். ஏர்கானை 20, 21இல் வைத்துத் தூங்கும் அறையின் சுவரும் கூரைப் பலகையும் அப்படித்தான் குளிர்ந்து கிடக்கின்றன.

வெளிச்சுவரின் உட்பக்கம் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால், செங்கல்லையும் பூச்சையும் கடந்து வரும் ஈரம் தாளின் முதுகில் வந்து நின்றுவிடும். பூஞ்சணம் உள்ளே பரவும், வெளியில் தெரியாது. தாளைக் கிழிக்கும் நாளில்தான் கருப்புத் திட்டுகள் கண்ணில் படும். மழையையும் ஈரத்தையும் வெளிப்பக்கத்திலேயே நிறுத்துங்கள்: விரிசல்களை அடைத்து, வெளிச்சுவருக்கான நீர்த்தடுப்பு வண்ணம் பூசுங்கள். உட்பக்கம் சாதாரண எமல்ஷன் போதும். ஏர்கானை 25க்குக் கீழே இறக்காமலிருந்தால் பாதித் தொல்லை குறையும்.

அடுத்தது வேலையின் வரிசை. ஓட்டுக்கூரை போட்ட பழைய தரைவீடுகளில் கூரைப் பலகைக்கு மேல் கண்ணாடிக் கம்பளியைப் பரப்பிவிட்டு, டவுன்லைட் (பலகையில் பதிக்கும் விளக்கு) ஓட்டைகளையும் ஏறிப் பார்க்கும் மூடியின் இடுக்கையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்பளி வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. கூரைக்கடியில் உள்ள சூடான ஈரக்காற்று அந்த ஓட்டைகள் வழியே குளிர்ந்த அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் அடைப்பு, பிறகுதான் கம்பளி. 6 மில்லிமீட்டர் வரையிலான இடுக்குக்கு வண்ணம் ஏற்கும் அக்ரிலிக் பசை சரி. சிலிக்கான் மேல் வண்ணம் ஒட்டாது, அதைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் அகலமென்றால் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்குப் பசை இடுங்கள். கயிறு இல்லாமல் நிரப்பிய பசை மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, சுவர் அசையும்போது கிழிந்துவிடும். பீய்ச்சினால் பொங்கி இறுகும் பியூ (பாலியூரித்தேன்) நுரையை வெயிலில் திறந்துவிட்டால் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும்.

கம்பளியை அமுக்கித் திணிப்பதும் வழக்கம். அதில் வேலை செய்வது இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று. 50 மில்லிமீட்டர் கம்பளியை 25க்கு அமுக்கினால் தடுப்பாற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும். டவுன்லைட் மேல் கம்பளியைப் போர்த்தாதீர்கள். மூடிவைக்கலாம் என்று தயாரிப்பாளரே குறித்த விளக்கென்றால் மட்டும் விதிவிலக்கு. மற்றவை சூடேறிப் பழுதாகும், தீப்பிடிக்கவும் கூடும்.

அலுமினியத் தாளில் பலர் ஏமாறுகிறார்கள். அது எதிரொளிப்பால் வேலை செய்வது. பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி வேண்டும். ஓட்டோடும் பலகையோடும் ஒட்டிக் கிடந்தால் வெப்பம் நேராகக் கடந்துபோகும். பளபளப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் சில ஆண்டுகளில் தூசி படிந்து பயனற்றுப் போகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மேல்தள வீடென்றால் கூரை உங்களுடையதல்ல, உள்ளிருந்துதான் செய்யமுடியும். பொய்க்கூரையும் கம்பளியும் சேர்ந்தபின் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரமாவது மிஞ்சவேண்டும். மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலுக்கோ, எந்தக் கம்பளியையும்விட வெளிப்பக்க நிழல்மறைப்புதான் அதிகம் உதவும். மேல்தள வீட்டில் அதை நீங்களாகப் பொருத்தாதீர்கள், அனுமதி கேளுங்கள்.

ஏர்கான் செப்புக்குழாயின் ரப்பர் நுரை உறையில் ஒரு மூட்டு திறந்திருந்தாலும் போதும், பொய்க்கூரைக்குள் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிப் பலகையில் கறை விழும். கூரைக்குள் ஓடும் பகுதிக்கு 13 மில்லிமீட்டருக்குக் குறையாத உறை போட்டு, மூட்டுகளைத் துணிநாடாவால் சுற்றாமல் பசையால் ஒட்டவேண்டும். ஏர்கானின் நீர் வடியும் குழாய்க்கும் உறை தேவை.

அடைக்கவே கூடாதவையும் உண்டு. அலுமினிய ஜன்னல் சட்டத்தின் அடியிலுள்ள சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றில் சிலிக்கான் பூசினால் டிசம்பர் மழையில் ஜன்னல் ஓடும் தடம் நிரம்பி நீர் கூடத்துக்குள் வழியும். வீட்டுக் காப்பறையின் (அவசரகால அடைக்கலத்துக்காகக் கட்டிய அறை) காற்றுத் துவாரங்களையும் மூடக்கூடாது.

பழைய நெளித்தகடு, கூரைப் பலகை ஆகியவற்றைத் துளைக்கும்முன் வீட்டின் வயதைப் பாருங்கள். கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்) பயன்படுத்த 1989இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய பலகையென்றால் சோதனை முடியும்வரை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் ஜன்னல்களை மூடி, சமையலறைப் புகைபோக்கியை ஓடவிட்டு, ஊதுவத்தியைக் கதவடியிலும் விளக்கோரத்திலும் காட்டுங்கள். புகை சாய்ந்து ஓடும் இடத்தில் இன்னும் இடுக்கு இருக்கிறது. ஆனால் எரிவாயு நீர்சூடேற்றி உள்ள வீட்டில், சோதனைக்கு முன் அதை அணைத்துவிடுங்கள். அடைத்த வீட்டில் புகைபோக்கி இழுக்கும் காற்று சூடேற்றியின் குழாய் வழியாகத் திரும்பி வந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அதற்கு வாசனையே கிடையாது. சூடேற்றி மாட்டியிருக்கும் இடத்தின் ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும், அதை மின்சார வகைக்கு மாற்றும்வரை திறந்தே விடுங்கள்.