சென்னையா, பெங்களூரா: ஜவுளிச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கடலூரிலோ புதுச்சேரியிலோ புதிதாகத் துணிக்கடை போடுகிறவர்களும் வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறவர்களும் முதலில் கேட்பது, எந்த ஊரில் சரக்கு எடுத்தால் லாபம் என்றுதான். இரண்டு ஊரிலும் எடுக்கலாம். எடுக்கும் விதத்தில்தான் கை சுடுகிறது, அதுவும் வருஷா வருஷம் அதே இடங்களில். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பாலபாடமெல்லாம் இங்கே இல்லை.

சில்லறைத் தெருவில் மொத்த விலை கேட்பது

சென்னை ரங்கநாதன் தெருவும் பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டும் வீட்டுக்குத் துணி எடுக்கிறவர்களுக்கு. கடைக்கு என்றால் சென்னையில் ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு, பெங்களூரில் சிக்பேட், மாமுல்பேட்.

ஞாயிற்றுக்கிழமை போவது

வேண்டாம். இரண்டு ஊரிலும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் பில் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. கணக்கைப் பாருங்கள். ஒரே ரகச் சுடிதார் மெட்டீரியல் சென்னையில் 315 ரூபாய், சிக்பேட்டில் 300. இரண்டும் வரிக்கு முந்தைய விலை. 200 பீஸ் எடுத்தால் 3,000 ரூபாய் மிச்சம் என்று மனம் குளிர்கிறது. 60,000 ரூபாய்க்கு 5 சதவீத வரியும் அதே 3,000 ரூபாய்தான்.

கல்லாவில் பெயரை மட்டும் சொன்னால் உள்ளூர் ஆள் வாங்கியதுபோல மத்திய ஜிஎஸ்டி, கர்நாடக ஜிஎஸ்டி என்று பில் விழும். அந்த வரியைத் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இன்புட் எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. மிச்சம் பிடித்தது மொத்தமும் போச்சு. லாரி வாடகையும் பஸ் செலவும் இனிமேல்தான். துண்டுச்சீட்டில் 'எஸ்டிமேட்' எழுதி வாங்கி வருகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி: வழியில் சோதனை வந்தால் காட்ட எதுவும் இருக்காது.

பில் போடும் முன்பே எண்ணைக் கொடுங்கள். பில்லில் மூன்றைப் பாருங்கள்: உங்கள் எண் சரியா (கடலூர்க் கடை என்றால் 33-இல் தொடங்கும், புதுச்சேரி என்றால் 34), பெங்களூர் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கான வரி) என்று இருக்கிறதா, எச்எஸ்என் (சரக்கின் வகையைக் காட்டும்) குறியீடு உள்ளதா. புதுச்சேரிக் கடைக்காரருக்குச் சென்னையும் வெளிமாநிலம்தான், அங்கேயும் ஐஜிஎஸ்டி கேட்டு வாங்க வேண்டும். அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்கு மேல் ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி-யை, அதாவது விற்றவர்கள் உங்கள் எண்ணுக்கு ஏற்றிய பில்களின் பட்டியலை, திறந்து அந்த பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டு மார்ச்சில் போன் பண்ணினால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாதவருக்கும் காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருப்பவருக்கும் எந்த ஊர் வரியும் திரும்பாது. அவர்கள் வரி, வாடகை, கூலி எல்லாம் சேர்த்த அடக்க விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

இ-வே பில்லை லாரிக்காரர் தலையில் கட்டுவது

மாநிலம் தாண்டினால் வரியோடு சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய, போர்ட்டலில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். மேலே சொன்ன சரக்கு வரியோடு 63,000. சொந்தக் காரில் ஏற்றி வந்தாலும் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம். தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். ஆனால் சென்னையிலிருந்து வரும்போது திண்டிவனத்தில் புதுச்சேரி சாலையில் திரும்பி வந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தாலும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துதான் கடலூருக்கு வர வேண்டும். அந்தப் பக்கம் வருகிற வண்டிக்கு 50,000-க்கு மேலேயே போட்டுவிடுவது உத்தமம். விழுப்புரம், பண்ருட்டி சுற்றி வந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

பட்டு பெங்களூரில்தான் மலிவு என்று நம்புவது

பட்டுக்கூடு கர்நாடகத்தில் அதிகம் விளைகிறது, சரி. ராமநகரம் பட்டுக்கூடுச் சந்தைக்குப் பக்கம் என்பதற்காகச் சேலை விலை தானாக இறங்கிவிடாது. அங்கே குறைந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் விசைத்தறிச் சேலை. அதைக் காஞ்சிபுரம் கைத்தறிச் சேலையோடு ஒப்பிட்டு, சென்னைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். சில்க் மார்க் முத்திரை இழை அசல் பட்டு என்று மட்டுமே சொல்லும். கைத்தறியா, ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்று சொல்லாது. இரண்டையும் தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். முந்தானை ஓர நூலைக் கொஞ்சம் எரித்தால் பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாக இறுகும்.

பருவம் பார்க்காமல் கிளம்புவது

ஆடியில் சென்னை தள்ளுபடியில் இருக்கும். அதை ஒட்டி வருகிற வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய வாரங்களில் சிக்பேட்டில் கால் வைக்க இடமிருக்காது, பேரமும் படியாது. அந்த ஊர்க் குளிருக்கு வருகிற தடித்த வெல்வெட்டும் லைனிங் வைத்த டாப்ஸும் நம் கடலோரப் புழுக்கத்தில் அலமாரியிலேயே கிடக்கும்.

செட்டை உடைத்துக் கேட்பது

தரமாட்டார்கள். எம் முதல் டபுள் எக்ஸ்எல் வரை சேர்ந்துதான் வரும்.

பண்டலைப் பிரிக்காமல் கட்டச் சொல்வது

சென்னைச் சரக்கில் டேமேஜ் இருந்தால் காலையில் போய் ராத்திரிக்குள் மாற்றிக்கொண்டு திரும்பலாம். பெங்களூருக்குப் பார்சல் திருப்பி அனுப்பினால் அந்த வாடகையே பீஸ் விலையைத் தின்றுவிடும். எனவே கவுண்டரிலேயே ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து இரண்டு பீஸை உருவி, வெளிச்சத்தில் விரித்து, ஓரக்கறை, இழை அறுப்பு, சாய வேறுபாடு பாருங்கள். மேலே இருக்கும் பீஸ் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கட்டின பிறகு பண்டலில் உங்கள் பெயர், ஊர், மொத்தம் எத்தனை பண்டல் என்று மார்க்கரில் எழுதச் சொல்லி, லாரி ஆபீஸ் தரும் எல்.ஆர். ரசீதில் அதே எண்ணிக்கை இருக்கிறதா, வாடகை 'பெய்டு' (கட்டியாச்சு) என்றா 'டு பே' (சரக்கு எடுக்கும்போது நீங்கள் கட்ட வேண்டும்) என்றா போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.