மலையில் ஒரு நேரம், கீழே ஒரு நேரமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுபவர் தன் வாட்ச்சைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "அண்ணா, இது மலையில் ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் ஓடுகிறது." சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடமாக வாட்ச் பழுது பார்க்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியதால் வாட்ச் கெட்டது என்பவர்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இவரோ நோட்டு கொண்டுவந்திருந்தார். ஐப்பசியில் சேலத்தில் மகள் வீட்டில் கையில் கட்டியிருந்த மாதம் 7 நொடி முந்தியிருந்தது. மார்கழியில் ஏற்காட்டு வீட்டு ஜன்னலோரம் கிடந்த மாதம் 3 நொடிதான் முந்தியிருந்தது. "தாத்தாவின் ஊசல் கடிகாரம் குளிரில் வேகமாக ஓடும். இது ஏன் மெதுவாகிறது?"

நியாயமான கேள்வி. ஊசலின் தண்டு குளிரில் சுருங்குவதால் ஆட்டம் வேகமாகும். செல் போட்ட வாட்ச்சில் ஊசல் இல்லை, குவார்ட்ஸ் கல்லில் வெட்டிய ஒரு குட்டிக் கவட்டை இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள், பதினைந்தாவது முறை ஒன்று வரும். உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுக்கு அதுதான் வேலை. அந்த ஒரு துடிப்பு மோட்டாரை அரைச் சுற்றுத் திருப்ப, நொடி முள் ஒரு கோடு நகர்கிறது.

இந்தக் கவட்டைக்கு ஒத்துக்கொள்ளும் வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதற்கு மேலே போனாலும் மெதுவாகும், கீழே போனாலும் மெதுவாகும். பத்து டிகிரி விலகினால் நாளுக்குச் சுமார் 0.3 நொடி. இருபது டிகிரி விலகினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அவர் வாட்ச்சை மே மாதம் முழுவதும் என் கடையின் தகரக் கூரைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். 2 நொடி பிந்தியது. ஆக, மலையின் மேல் பழி இல்லை.

உங்கள் வாட்ச்சையும் இப்படிச் சோதிக்கலாம். நொடி முள் 12-இல் நிற்கும்போது, நேரம் திருத்தும் பக்கத் திருகை வெளியே இழுங்கள். நிமிட முள்ளைக் கோட்டுக்குச் சற்று அப்பால் கொண்டுபோய், பின்னால் திருப்பிக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு போய்விடும். கைபேசி நேரத்தில் அந்த நிமிடம் பிறக்கும் கணத்தில் திருகை அழுத்துங்கள். பிறகு முப்பது நாள் தொடாதீர்கள். தினமும் பார்த்துத் திருத்துபவருக்கு வாட்ச்சின் குணம் தெரியவே தெரியாது. அந்த மாதம் முழுக்க ஒரே பழக்கம் வேண்டும்: கையில் என்றால் கையில், அலமாரியில் என்றால் அலமாரியில். கையில் இருப்பதே நல்லது, உடம்புச் சூடு அதிகம் மாறாது.

நொடி முள் கோட்டின் மேல் சரியாக நிற்காமல் இடையில் நின்றால் அது முள் பொருத்தியதில் உள்ள கோணல், நேரக் கோளாறு அல்ல. முள் சில நொடிகளைச் சேர்த்து ஒரே தாவலாகத் தாவினால் சோதனையை விட்டுவிட்டுச் செல்லை மாற்றுங்கள். ஒழுகிய செல் மெஷினைத் தின்றுவிடும்.

மாதத்துக்கு 15 நொடி வரை முன்பின் ஆனால் சாதாரண மெஷினில் அது குறையே அல்ல. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் விற்பனைக்கு வைத்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் மாதத்துக்கு 5 நொடிக்குள் ஓடியது. விலை 4,50,000 யென். நமக்கு அந்தக் கண்டிப்பு தேவையா என்றால், என் பதில் இல்லை என்பதுதான். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே சராசரியாக 12 மணி 17 நிமிடத்தில்தான். பதினேழு நிமிடத்தை ஊரே சுமந்துகொண்டு திரிகிறது, யாரும் கடைக்குப் புகார் கொண்டுவருவதில்லை.

நான் கவனிப்பது வேறு. மாதாமாதம் 7 நொடி முந்தும் வாட்ச்சை நம்புவேன். ஒரு மாதம் 2, அடுத்த மாதம் 40 என்று ஓடுவதைத் திறந்து பார்ப்பேன்.

கணக்கரிடம் இதையெல்லாம் சொல்லி வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. மறுவாரம் அவர் ஒரு பை ஆரஞ்சும் அந்த நோட்டும் கொண்டுவந்தார். ஜூன் மாதப் பக்கத்தில் வெப்பநிலைக்கென்று புதிதாக ஒரு பத்தி போட்டிருந்தார்.