அமெரிக்கப் பல்கலைக்கழக லேபில் முதல் மாதம்: பாதுகாப்பு அலுவலகத்தைப் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் ஆய்வு மாணவராகவோ போஸ்ட்டாக்காகவோ (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) சேர்ந்ததும் ‘இ.எச்.எஸ்.’ என்ற அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு மூன்றையும் கவனிக்கும் துறை அது. புதிதாக வருகிறவர்கள் பலரும் அதைக் குற்றம் கண்டுபிடிக்க வரும் ஆட்களாகவே பார்க்கிறார்கள். லேபைச் சோதனையிட வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வேலையில் பெரும்பகுதி, நாம் கேட்டால் செய்து தரும் உதவி. பெரும்பாலும் அதற்குக் கட்டணமும் கிடையாது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கிறது. வேதியியல், உயிரியல் லேபில் சேருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் ஊழியரா, மாணவரா?

சலிப்பான கேள்விதான், ஆனாலும் முதலில் இதைக் கேளுங்கள். லேபில் ரசாயனங்களோடு வேலை செய்பவர்களுக்கென்று ஓஷா என்ற மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 1990-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு லேபுக்கும் எழுத்து வடிவில் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும், ரசாயனம் பட்டு உடம்புக்கு ஏதாவது ஆனால் ஊழியர் கையிலிருந்து காசு போகாமல் மருத்துவரைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆனால் அது ‘ஊழியர்’களுக்கான விதி. ரிசர்ச் அசிஸ்டண்டாகச் சம்பளம் வாங்கினால் பொதுவாக நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள். ஃபெல்லோஷிப் பணத்தில் இருந்தால் வராமலும் போகலாம். வேலையில் அடிபட்டால் கிடைக்கும் காப்பீடும் அப்படியே.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழக ஊழியர்கள் மத்திய ஓஷாவின் வரம்புக்குள் வரமாட்டார்கள். கலிஃபோர்னியா மாதிரி சொந்தத் திட்டம் வைத்திருக்கும் மாநிலங்களில் அந்த மாநில அமைப்பு பார்த்துக்கொள்ளும். டெக்சஸில் அப்படி ஒன்று இல்லை. அங்கே பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளே துணை. ஆகவே, ‘எனக்கு அடிபட்டால் எந்தக் காப்பீடு?’ என்று இ.எச்.எஸ்.ஸுக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

படி 2: பயிற்சி

ஆன்லைன் வீடியோ, கடைசியில் ஒரு தேர்வு. முடித்துவிடுங்கள். அது முடியாமல் பல இடங்களில் லேப் கதவு உங்கள் அட்டைக்குத் திறக்காது. உண்மையான பயிற்சி, உங்கள் லேபின் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தருவதுதான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: லேபை ஒருமுறை சுற்றி வாருங்கள்

கண் கழுவும் குழாய், அவசர ஷவர், தீயணைப்பான், வெளியேறும் இரண்டு வழிகள். இவை எங்கே என்று பார்த்தால் போதாது, நடந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 10 விநாடிக்குள் கண் கழுவும் குழாயை அடைய முடிய வேண்டும். வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அன்றைக்கே நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணில் ஏதாவது தெறித்தால் இமையை விரலால் விரித்துப் பிடித்து 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ‘சரியாகிவிட்டது’ என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்தக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை ஓடவிட வேண்டும் என்பதும் விதி. புது ஆளாக ஒரு பொறுப்பு எடுக்க ஆசைப்பட்டால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

படி 4: பாட்டிலைத் திறக்கும் முன் அதன் தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாள் உண்டு. 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 8 (என்ன அணிவது), 10 (எதோடு சேரக் கூடாது), இந்த நான்கையும் படித்தால் தொடங்கலாம்.

எட்டாம் பகுதியில் பல தாள்கள் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று மட்டும் எழுதிக் கைகழுவிவிடும். எது தகுந்தது? நீலநிற நைட்ரைல் கையுறை எல்லாவற்றையும் தடுக்கும் என்ற நம்பிக்கை லேபுகளில் பரவலாக இருக்கிறது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் மெல்லிய நைட்ரைலைத் தாண்டிவர நிமிடக்கணக்கு போதும், அசிட்டோனும் அப்படித்தான். டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமெத்தில்மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தை எடுத்தபோது ஃபியூம் ஹூடுக்குள்தான் (ஆவியை உள்ளிழுத்து வெளியேற்றும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி) வேலை செய்தார், லேடெக்ஸ் கையுறையும் அணிந்திருந்தார். கையுறை மேல் சில சொட்டுகள் விழுந்தன. மாதங்கள் கழித்துத்தான் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்தார். அந்தத் திரவம் அவ்வகைக் கையுறையை 15 விநாடிக்குள் கடந்துவிடும் என்று பிறகு செய்த சோதனையில் தெரிந்தது. உலோக நச்சுகளை ஆராய்ந்த நிபுணருக்கே அன்று கிடைக்காத தகவல், இன்று ஒரு மின்னஞ்சலில் கிடைக்கும். ரசாயனத்தின் பெயர், அளவு, எவ்வளவு நேரம் கையாளப் போகிறீர்கள் என்று இ.எச்.எஸ்.ஸுக்கு எழுதுங்கள். கையுறைத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து எது பொருந்தும் என்று சொல்வார்கள்.

படி 5: ஃபியூம் ஹூடைச் சோதித்த பிறகு தொடங்குங்கள்

1. ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கடைசியாகச் சோதித்த தேதி ஓராண்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் போன் செய்யுங்கள், வந்து அளந்து தருவார்கள். காற்று உள்ளே போகும் வேகம் நிமிடத்துக்கு 100 அடியை ஒட்டி இருப்பது வழக்கம்.
2. கண்ணாடிக் கதவை ஸ்டிக்கரில் குறித்த உயரத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் அது 18 அங்குலம்.
3. மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வாயிலில் பிடியுங்கள். அது உள்நோக்கிச் சாய வேண்டும். சும்மா தொங்கினாலோ வெளிப்பக்கம் ஆடினாலோ அங்கே வேலை வேண்டாம்.
4. பாத்திரங்களை விளிம்பிலிருந்து 6 அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பில் காற்று சுழலும். நீங்கள் கையை வேகமாக எடுத்தாலோ, பின்னால் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலோகூட ஆவி வெளியே வந்துவிடும்.

நன்றாக ஓடும் ஹூடையும் கெடுப்பது நம் பழக்கம்தான். பாட்டில்களை உள்ளே அடுக்கிப் பின்சுவரின் காற்றுத் திறப்பை அடைத்துவிடுவோம். ஹூடு அலமாரி இல்லை.

படி 6: உடை

முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, கண்ணாடி, கோட். 2008 டிசம்பர் 29 அன்று கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது, கோட் போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்தார். இப்படித் தானாகத் தீப்பிடிக்கும் பொருள்களுக்குச் சாதாரணக் கோட்டும் போதாது, தீ எளிதில் பற்றாத துணியில் தைத்த கோட் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் அதை இலவசமாகத் தந்து சலவையும் செய்துதருகின்றன. வீட்டு வாஷிங் மெஷினில் லேப் கோட்டைப் போடாதீர்கள்.

படி 7: கழிவு

சிங்க்கில் ஊற்றலாமா என்று சந்தேகம் வந்தால் ஊற்றாதீர்கள். ஹூடுக்குள் திறந்து வைத்து ஆவியாக விடுவதும் சட்டப்படி கூடாது. ஹேலஜன் (குளோரின் போன்றவை) உள்ள கரைப்பான், இல்லாத கரைப்பான், அமிலக் கழிவு என்று தனித்தனி பாட்டில். முதல் சொட்டு விழும்போதே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அதில் சுருக்கெழுத்தோ வாய்பாடோ வேண்டாம், முழுப்பெயர் எழுதுங்கள். ஊற்றும் நேரம் தவிர பாட்டில் மூடியே இருக்க வேண்டும்.

நைட்ரிக் அமிலத்தை எத்தனால், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் இருந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். பிறகு உள்ளே மெதுவாக வாயு உருவாகி, மூடிய பாட்டில் வெடிக்கும். யாரும் இல்லாத ராத்திரியிலும் அது நடக்கலாம். ‘காலி’ பாட்டிலை மறுபடி கழிவுக்கு வைக்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று பாருங்கள். நிரம்பும் முன் ஆன்லைனில் கோரிக்கை போட்டால் வந்து எடுத்துப்போவார்கள்.

படி 8: அதிகம் கேட்கப்படாத சேவைகள்

நாள் முழுக்கப் பிப்பெட் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடித்து கட்டைவிரல் வலிக்கிறதா? மேசை, நாற்காலி, பிப்பெட்டை வந்து பார்த்து மாற்று சொல்லும் ஆள் இருக்கிறார். முகத்தை இறுக்கிப் பிடிக்கும் சுவாசக் கவசம் அணிய வேண்டிய வேலையென்றால் ஆண்டுதோறும் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும். அதற்குத் தாடி எடுக்கச் சொல்வார்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ, எந்த ரசாயனத்தைத் தவிர்ப்பது என்று கைடுக்குச் சொல்லும் முன்பே இவர்களிடம் ரகசியமாகக் கேட்கலாம்.

படி 9: ஏதாவது நடந்துவிட்டால்

பெரியதென்றால் 911, பிறகு கைடு. சின்னத் தெறிப்பு, சின்ன வெட்டு, ‘நல்லவேளை தப்பித்தோம்’ என்ற சம்பவம் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. விசா இருக்கிறதே, கைடு என்ன நினைப்பாரோ என்று நம் பிள்ளைகள் பலர் மறைத்துவிடுகிறார்கள். படிவம் போட்டால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. போடாமல் இருந்து பத்து நாள் கழித்து வலி வந்தால்தான், அது வேலையில் நடந்தது என்று காட்ட முடியாமல் மருத்துவமனை பில் உங்கள் தலையில் விழும். மருத்துவரிடம் போகும்போது எஸ்.டி.எஸ். தாளை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் ரசாயனத்தின் பெயரே புதிதாக இருக்கலாம்.