பூனைக்குச் சுகர்: கோத்தகிரியிலிருந்து ஒரு நோட்டுக் கணக்கு

எங்கள் மணியனுக்குச் சுகர் என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, எறும்பு. கொல்லையில் அவன் மண்ணைக் கிளறிப் போகிற இடத்தில் ஒரு வாரமாக எறும்பு மொய்த்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைத்தால் எடுக்கவே மாட்டான். சாப்பாடு முன்பைவிட அதிகம், ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும். ஏழு கிலோ இருந்தவன் ஐந்தரைக்கு வந்திருந்தான். ஒன்பது வயது, கருத்தடை செய்த கடுவன், பால் சோறும் உலர் தீனியும் தின்று பெருத்த உடம்பு. சுகர் வர இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடையாது. அப்புறம்தான் நடையைக் கவனித்தேன். பின்னங்கால் குதியைத் தரையில் பதித்து, முயல் உட்கார்ந்தபடியே நகர்வது போல நடந்தான். சுகர் நரம்பைப் பிடித்தால் பூனை அப்படித்தான் நடக்கும்.

நான் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் பத்து வருஷமாகச் சுகர். அதனால் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க மாத்திரையில பாதியை உடைச்சுக் குடுங்கண்ணா" என்றார். அதைச் செய்யாதீர்கள். நாம் விழுங்கும் மெட்ஃபார்மின் பூனையிடம் பெரிதாக வேலை செய்வதில்லை. அதற்குத் தேவை இன்சுலின்.

முதல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். கூடையில் அடைத்து பஸ்ஸில் கொண்டுபோன பயத்திலேயே நல்ல பூனைக்கும் சர்க்கரை 300-ஐத் தொடும். ஃப்ரக்டோசமைன் பரிசோதனை கேளுங்கள். கடந்த இரண்டு மூன்று வாரத்துச் சராசரியை அது காட்டிவிடும். கூடவே சிறுநீர், பல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிறுநீரில் கிருமியோ ஈறில் சீழோ இருந்தால் எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை லேசில் இறங்காது. தோல் அரிப்புக்கு முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, ஊசி. மணியனுக்கு டாக்டர் எழுதியது கிளார்ஜின் என்கிற இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட். காலை ஏழு, ராத்திரி ஏழு. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. சாப்பிடவில்லையென்றால் ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். விலாப்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் அடியில் ஒரு பள்ளம் விழும். அதில் குத்த வேண்டும். அவன் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். ஊசி மறுபக்கம் வெளியே வந்து ரோமம் நனைந்துவிட்டால், "உள்ளே போச்சா இல்லையா" என்று சந்தேகப்பட்டு இன்னொன்று போடாதீர்கள். அந்த வேளை போனால் போகட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை அவனை நானே கொல்லப் பார்த்தேன். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்ச் தீர்ந்துபோய் மருந்துக்கடையில் கேட்டேன், கொடுத்தார்கள். மூடி சிவப்பு. அது 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்ச். அதில் ஒரு கோடு இழுத்தால் இந்த மருந்து இரண்டரை யூனிட் ஏறும். கண்ணாடி போடாமல் காலையில் போட்டுவிட்டேன். மத்தியானம் அடுப்படியில் தள்ளாடினான், சுவரில் முட்டினான், கூப்பிட்டால் கண் என் பக்கம் திரும்பவில்லை. மீட்டரில் 41. அலமாரியில் மலைத்தேன் இருந்தது. விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தேய்த்ததில், கால் மணி நேரத்தில் விரலைக் கடித்தான். என் வாழ்க்கையில் கடிபட்டுச் சந்தோஷப்பட்டது அன்றுதான். உடனே சாப்பாடு வைத்து, அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேன் இறங்கினதும் சர்க்கரை மறுபடி விழும். எழுந்துவிட்டான் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அதிலிருந்து என் கணக்கு இதுதான்: சர்க்கரை ஒருநாள் 350 காட்டினால் நோட்டில் எழுதிவிட்டுப் படுக்கலாம். 70-க்குக் கீழே போனால் உட்கார நேரமில்லை. நம் மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும், இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்தால் தேனைக் கையில் எடுங்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று டோஸை நீங்களே ஏற்றாதீர்கள்.

ஆனால் வாந்தி, சாப்பிடாமை, சுருண்டு கிடப்பது மூன்றும் சேர்ந்தால் அது வேறு விஷயம். இன்சுலின் பற்றாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள் கீட்டோன். மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே ஆஸ்பத்திரி. மாறாவிட்டாலும் பூனையை இரண்டு நாள் பட்டினி போட விடக்கூடாது, கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும்.

ரத்தம் எடுப்பது காது ஓரத்தில், ரோமம் மெலிந்த இடத்தில். எங்கள் ஊர்க் குளிரில் காது ஐஸ் மாதிரி இருக்கும், எத்தனை குத்தினாலும் சொட்டு வராது. பழைய சாக்ஸில் ஒரு பிடி அரிசி போட்டு, வாணலியில் லேசாகச் சூடாக்கி, காதில் அரை நிமிஷம் வையுங்கள். முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துச் சூடு பாருங்கள்.

சாப்பாட்டில் பால் சோறு, பிஸ்கட், உலர் தீனி எல்லாம் மாவுச்சத்து. டப்பாவில் வரும் ஈரத் தீனியில் சத்து சரியாகக் கலந்திருக்கும். வேகவைத்த கோழியும் மத்தியும் ருசிக்குச் சேர்க்கலாம், அது மட்டுமே போட்டால் பூனைக்கு அவசியமான டாரின் என்கிற சத்தும் கால்சியமும் பற்றாது. ஒன்று மட்டும் கவனம்: ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது தீனியைத் திடீரென்று மாற்றினால் அதே டோஸ் அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாக மாற்றுங்கள். நாங்கள் மாற்றிய பிறகு ஒரு யூனிட் அரையானது. சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. மணியன் அரையில் நிற்கிறான். குதி மறுபடி தரையை விட்டு எழும்பிவிட்டது.

மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். எங்களுக்கு ஐப்பசியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மருந்து மேலே வராது. புரட்டாசியிலேயே ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கிவிடுவேன். ராத்திரி அவனை வெளியே விடுவதில்லை. இங்கே சிறுத்தையும் கரடியும் தெருவிலேயே நடமாடும், தள்ளாடுகிற பூனையால் ஓட முடியாது. உள்ளே மணல் தட்டு வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: காலையில் எத்தனை ஈரக் கட்டி என்று எண்ணலாம். ஆறு இருந்தது மூன்றாகக் குறைந்தபோது மீட்டரைத் தொடாமலே எனக்குப் புரிந்தது.

குத்தின ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறேன். எங்கள் தெருக் குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள்.